வன்னியைக் கடக்கும் உயர் அழுத்த மின்வழிகளும் அவற்றின் நிலைப்பும்: இலத்திரனியல் கட்டுப்படுத்திகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அநுராதபுரத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகம் வரை செல்லும் 132 கிலோவோல்ட் வழியும், மன்னார்த் தீவின் காற்றாலைகளிலிருந்து புறப்படும் 220 கிலோவோல்ட் வழியும் வன்னியின் காடுகளையும் வயல்களையும் கடந்தே செல்கின்றன. அந்தக் கோபுரங்களை நாள்தோறும் பார்ப்பவர்களுக்கும், கூரையில் சூரியத் தகடு பூட்டியவர்களுக்கும், அரிசி ஆலை நடத்துவோருக்கும், மின்பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கும் இந்த வழிகள் எப்படி நிலைகுலையாமல் இயங்குகின்றன என்பது பற்றி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கணிதத்தை இயன்றவரை குறைத்திருக்கிறேன். ஆனால் எண்களைத் தவிர்க்கவில்லை, ஏனெனில் எண் இல்லாமல் இந்த விடயத்தில் எதையும் தீர்மானிக்க முடியாது.

மின்தொகுதியின் நிலைப்பு என்று எதைச் சொல்கிறார்கள்?

இலங்கை மின்தொகுதியோடு இணைந்துள்ள ஒத்தியங்கு மின்பிறப்பாக்கிகள் அனைத்தும், மலைநாட்டு நீர்மின் நிலையங்களில் இருந்தாலும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் இருந்தாலும், 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 அலைவு, என்ற ஒரே மீடிறனில் ஒன்றோடொன்று பூட்டுண்டு சுழல்கின்றன. ஓர் இடிமின்னலோ, ஒரு வழியின் திடீர் இழப்போ, ஒரு பெரிய பொறியின் நிறுத்தமோ அந்தப் பூட்டை அசைக்கும்போது தொகுதி சற்று ஆடி அடங்கி மீண்டும் ஒரு சமநிலைக்கு வருமானால் அதை நிலைப்புடையது என்கிறோம். ஆட்டம் அடங்காமல் பெருகுமானால், அல்லது மின்னழுத்தம் மீள முடியாமல் சரியுமானால், பாதுகாப்புக் கருவிகள் ஒவ்வொரு பகுதியாகத் துண்டிக்கத் தொடங்கும், முடிவு இருட்டடிப்புத்தான்.

இதைப் பொறியியலாளர் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். பொறிகளின் சுழலும் பகுதிகள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள கோணம் பற்றியது முதலாவது; மின்னழுத்தம் பற்றியது இரண்டாவது; மீடிறன் பற்றியது மூன்றாவது. பிரச்சினை எந்த வகையைச் சேர்ந்தது என்று அறியாமல் கருவி வாங்கினால் பணம் வீணாகும் என்பதால் இந்தப் பிரிவு நடைமுறையிலும் முக்கியமானது.

இது கொழும்பிலிருந்து பார்க்க வேண்டிய விடயம் அல்லவா? வன்னிக்கு இதில் என்ன தனித்தன்மை?

தூரமும் குறைந்த சுமையுமே அந்தத் தனித்தன்மை. புதிய அநுராதபுரம் உப மின்நிலையத்திலிருந்து சுன்னாகம் வரை வழியின் நீளம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். போர்க் காலத்தில் அழிந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தேசிய தொகுதியிலிருந்து பிரித்துவைத்திருந்த இந்த இணைப்பு, போர் முடிந்த பின்னர் 2010களின் முற்பகுதியில் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. 132 கிலோவோல்ட் வழி ஒன்றின் தூண்டல் எதிர்ப்பை (மின்னோட்டத்தின் மாற்றத்துக்கு வழியின் காந்தப் புலம் காட்டும் தடையை) கிலோமீற்றருக்கு 0.4 ஓம் என்று கொண்டால், 200 கிலோமீற்றருக்கு அது 80 ஓம். ஒரு வழி ஊடாகச் செல்லக்கூடிய வலு, இரு முனை மின்னழுத்தங்களின் பெருக்கத்தை இந்த எதிர்ப்பால் வகுத்து, இரு முனைகளுக்கிடையிலான கோணத்தின் சைன் பெறுமானத்தால் பெருக்கினால் கிடைக்கும். அதன்படி ஒரு சுற்றின் கோட்பாட்டு உச்சம் 132 இன் வர்க்கத்தை 80 ஆல் வகுத்தது, அதாவது சுமார் 218 மெகாவாட். உச்சத்தில் யாரும் வழியை ஓட்டுவதில்லை. கோணம் 30 பாகையில் இருக்கும்போது கிடைப்பது அதில் பாதி, 109 மெகாவாட். மீதிப் பாதி, ஏதாவது நடந்தால் தாங்குவதற்கான இடைவெளி.

இரவில் நிலைமை தலைகீழாக மாறுகிறது. வன்னியில் மக்கள் தொகை குறைவு, பெரிய தொழிற்சாலைகளும் குறைவு. நள்ளிரவுக்குப் பின் வழியில் ஓடும் வலு மிகவும் குறைந்துவிடும்போது, வழியே ஒரு கொள்ளளவி போல நடந்துகொண்டு எதிர்வினை வலுவை (அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்; அதன் அலகு மெகாவார்) பிறப்பிக்கத் தொடங்குகிறது. 132 கிலோவோல்ட் வழியில் அது கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.05 மெகாவார், 200 கிலோமீற்றர் இரட்டைச் சுற்றுக்கு 20 மெகாவார் வரை வரும். 220 கிலோவோல்ட் வழியில் கிலோமீற்றருக்கு இதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இதை உறிஞ்சுவதற்கு அருகில் ஒன்றும் இல்லையென்றால் வழியின் தொலைமுனையில் மின்னழுத்தம் அனுப்பும் முனையைவிட உயர்ந்துவிடும். மாலையில் தாழ்வும் நள்ளிரவுக்குப் பின் உயர்வும் ஒரே வழியில் ஒரே நாளில் ஏற்படுவதால், இரு திசையிலும் விரைவாகச் செயற்படும் கட்டுப்படுத்தி இங்கே கூடுதல் பொருத்தமுடையது.

எதிர்வினை வலு என்பதை எளிதாக விளக்க முடியுமா?

ஆடலோட்டத் தொகுதியில் காந்தப் புலத்தையும் மின்புலத்தையும் ஒவ்வொரு சுற்றுவட்டத்திலும் கட்டியெழுப்பித் திருப்பித் தரும் வலு அது. வேலை எதையும் செய்வதில்லை, ஆனால் அது இல்லாமல் மோட்டரும் நிலைமாற்றியும் இயங்காது. கணக்குப் போடுவதற்கு ஒரு செய்தி போதும்: எதிர்வினை வலு போதாத இடத்தில் மின்னழுத்தம் தாழும், மிகையான இடத்தில் உயரும். அதைத் தொலைவிலிருந்து அனுப்புவது பயனற்றது, ஏனெனில் வழியே அதை விழுங்கிவிடும். எந்த இடத்தில் தேவையோ அந்த இடத்திலேயே தரவேண்டும்.

இலத்திரனியல் கட்டுப்படுத்திகள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

இரண்டு குடும்பங்கள் உள்ளன. ஒன்று, மின்பிறப்பாக்கியோடு பூட்டப்பட்டிருப்பது: மின்னழுத்தத்தைத் தானாகச் சீராக்கும் கருவியும், அதற்குத் துணையாக நின்று அலைவைத் தணிக்கும் பிஎஸ்எஸ் எனப்படும் நிலைப்படுத்தியும் இதில் அடங்கும். மற்றது, வழியிலோ உப மின்நிலையத்திலோ வைக்கப்படுவது: எஸ்விசி, ஸ்டாட்கொம், டிசிஎஸ்சி, யுபிஎஃப்சி என்ற பெயர்களால் அறியப்படும் கருவிகள். 1950களின் பிற்பகுதியில் தைரிஸ்டர் என்ற குறைகடத்தி ஆளி சந்தைக்கு வந்த பின்னர்தான் இரண்டாவது குடும்பம் சாத்தியமாயிற்று. அமெரிக்க மின்வலு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய நரேன் ஹிங்கோரானி 1980களின் பிற்பகுதியில் இவற்றை எல்லாம் ஒரே கருத்தின் கீழ்க் கொண்டுவந்து ஃபேக்ட்ஸ் (நெகிழ்வான ஆடலோட்ட மின்கடத்தல் தொகுதிகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயரிட்டார். அதன் சாரம்: வழியின் மின்னழுத்தம், தூண்டல் எதிர்ப்பு, கோணம் ஆகிய மூன்றையும் இயற்கை தந்தபடி ஏற்றுக்கொள்ளாமல், மில்லிசெக்கன்களில் மாற்றக்கூடியவையாக ஆக்குவது.

அண்மைக் காலத்தில் மூன்றாவது குடும்பம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. காற்றாலை, சூரியப் பூங்கா, மின்கலத் தொகுதி ஆகியவற்றின் நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேர்ட்டர்கள்தாம் அவை. மன்னாரைப் பற்றிய கேள்வியில் அவற்றுக்கு வருகிறேன்.

பிஎஸ்எஸ் என்ற நிலைப்படுத்தி எப்படி வேலை செய்கிறது? அது இல்லாவிட்டால் என்ன நடக்கும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் வாசிக்க நேரம் உள்ளவர் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனெனில் மிகக் குறைந்த செலவில் மிக அதிக பயன் தரும் கட்டுப்படுத்தி இதுதான்.

மின்பிறப்பாக்கியின் மின்னழுத்தச் சீராக்கி விரைவாகவும் வலுவாகவும் செயற்பட்டால், வழியில் ஏற்படும் பழுதுக்குப் பின் பொறி ஒத்தியக்கத்தை இழக்காமல் காப்பாற்ற அது உதவும். ஆனால் அதே விரைவு இன்னொரு தீமையைக் கொண்டுவருகிறது. நீண்ட வழியொன்றின் முனையில் நின்று அதிக வலுவை அனுப்பும் பொறியில், அதிவிரைவுச் சீராக்கி அலைவின் இயற்கையான தணிப்பைக் குறைத்து, சில வேளை தணிப்பை எதிர்மறையாகவும் ஆக்கிவிடும். 1969 இல் டி மெல்லோவும் கொன்கோர்டியாவும் இதன் காரணத்தைத் தெளிவாக விளக்கிக் காட்டினார்கள். காரணம் காலதாமதம். சீராக்கி தரும் கட்டளை, பொறியின் காந்தப் புலத்தை உண்டாக்கும் புலச் சுருளைத் தாண்டி முறுக்குவிசையாக மாறுவதற்குள் அலைவின் அடுத்த பாதி தொடங்கிவிடுகிறது. முன்னே வரும் ஊஞ்சலைத் தடுக்க நீட்டிய கை, தாமதித்துப் போனதால் அது திரும்பிப் போகும்போது பின்னாலிருந்து தள்ளிவிடுவதைப் போன்றது இது.

பிஎஸ்எஸ் அந்தத் தாமதத்தை ஈடுசெய்கிறது. பொறியின் வேகத்தையும் வெளியீட்டு வலுவையும் அளந்து, அலைவின் கட்டத்தை முன்கூட்டியே நகர்த்தி, சீராக்கிக்கு ஒரு சிறு திருத்தத்தைச் சேர்க்கிறது. அதனால் பிறக்கும் முறுக்குவிசை வேக மாற்றத்துக்கு நேர் எதிராக அமைகிறது. ஒரு நிலையம் தொகுதியின் ஏனைய பகுதிக்கு எதிராக ஆடும் அலைவு பொதுவாக 0.7 முதல் 2 ஹேர்ட்ஸ் வரையிலும், ஒரு பிரதேசத்தின் பொறிகள் எல்லாம் சேர்ந்து இன்னொரு பிரதேசத்துக்கு எதிராக ஆடும் அலைவு 0.1 முதல் 0.8 ஹேர்ட்ஸ் வரையிலும் இருக்கும். இரண்டையும் தணிக்கும்படி அமைப்பது எளிய வேலை அன்று. திருத்தத்தின் அளவு மின்னழுத்தத்தின் சில வீதத்துக்குள் கட்டுப்படுத்தப்படுகிறது. நிலையான வேக மாற்றத்துக்கு அது எதிர்வினை காட்டாதபடி ஒரு வடிகட்டியும் உண்டு.

1996 ஓகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் மேற்குப் பகுதித் தொகுதியில் நடந்தது இதற்கு மறக்கக்கூடாத சான்று. வெப்பமான நாளில் வழிகள் தொய்ந்து மரங்களைத் தொட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டன. அதன் பின் ஏறத்தாழ 0.25 ஹேர்ட்ஸ் அலைவு ஒன்று பெருகிப் பெருகித் தொகுதியை நான்கு துண்டுகளாக உடைத்தது. ஏறத்தாழ 75 இலட்சம் பாவனையாளர் மின்சாரத்தை இழந்தனர். பின்னர் பொறியியலாளர் அந்த நிகழ்வைத் தங்கள் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தபோது, மாதிரியில் தொகுதி நிலைத்து நின்றது! காகிதத்தில் இருந்த பொறிகளின் குணங்களும் களத்தில் இருந்த பொறிகளின் குணங்களும் ஒன்றாக இல்லை. அதன் பின்னரே அங்கே ஒவ்வொரு பொறியையும் நேரில் சோதித்து மாதிரியைத் திருத்தும் நடைமுறை வலுப்பெற்றது. நம் நாட்டிலும் எந்தப் புதிய கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பும் இந்தச் சோதனைதான் முதலில் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எஸ்விசிக்கும் ஸ்டாட்கொமுக்கும் என்ன வேறுபாடு? விலை கூடியதை ஏன் வாங்க வேண்டும்?

இரண்டும் உப மின்நிலையத்தில் நின்று எதிர்வினை வலுவைக் கொடுத்தும் எடுத்தும் மின்னழுத்தத்தைப் பிடித்துவைக்கின்றன. எஸ்விசி 1970களிலிருந்து பயன்பாட்டில் உள்ளது. அதில் கொள்ளளவிகளையும் தூண்டிகளையும் தைரிஸ்டர்கள் ஆளுகின்றன. ஸ்டாட்கொம் அவ்வாறன்றி, நேரோட்டக் கொள்ளளவி ஒன்றிலிருந்து குறைகடத்தி ஆளிகள் மூலம் தானே ஓர் ஆடலோட்ட மின்னழுத்தத்தைச் செய்து, அதைத் தொகுதியின் மின்னழுத்தத்தைவிடக் கூட்டியும் குறைத்தும் வைத்து வேலை செய்கிறது. 1995 இல் அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையின் சலிவன் உப மின்நிலையத்தில் ±100 மெகாவார் ஸ்டாட்கொம் இயங்கத் தொடங்கியது.

வேறுபாடு நெருக்கடியில்தான் தெரியும். கொள்ளளவி தரும் எதிர்வினை வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பழுதொன்றின்போது மின்னழுத்தம் 70 வீதத்துக்கு விழுந்தால், உச்சத்தில் நிற்கும் எஸ்விசி தரக்கூடியது 49 வீதம் மட்டுமே. அதாவது மிகவும் தேவைப்படும் வேளையில் அது பாதியாகத் தளர்ந்துவிடுகிறது. ஸ்டாட்கொம் தன் முழு மின்னோட்டத்தையும் தொடர்ந்து தருவதால் 70 வீதத்தைக் கொடுக்கும். பரந்தனிலோ வவுனியாவிலோ ஓர் அரிசி ஆலையின் பெரிய தூண்டல் மோட்டர்கள் மின்னழுத்த வீழ்ச்சியில் வேகம் குறைந்து, சாதாரண ஓட்டத்தைப் போலப் பல மடங்கை இழுத்தபடி நின்றுவிட முயலும்போது, அந்த 21 வீத வேறுபாடு மோட்டர்கள் மீண்டு எழுவதா, வட்டாரமே துண்டிக்கப்படுவதா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

ஆனால் பிரச்சினை இரவு நேர மின்னழுத்த உயர்வு மட்டுமே என்றால் ஸ்டாட்கொம் தேவையில்லை. சுற்றுடைப்பானால் இணைத்துப் பிரிக்கும் சாதாரண தூண்டி போதும். அது மலிவானது, பழுது பார்ப்பதும் எளிது.

வழியிலேயே தொடராகக் கொள்ளளவியைப் பூட்டினால் தூரம் குறைந்ததைப் போலாகும் என்கிறார்களே?

உண்மை. முன்னே சொன்ன 80 ஓமில் 40 வீதத்தைத் தொடர்க் கொள்ளளவியால் ஈடுசெய்தால் எஞ்சுவது 48 ஓம். கோட்பாட்டு உச்சம் 218 இலிருந்து சுமார் 363 மெகாவாட்டாக உயரும். டிசிஎஸ்சி என்ற கருவி அந்த ஈட்டின் அளவைத் தைரிஸ்டரால் கூட்டிக் குறைத்து, வலுவின் அலைவைத் தணிக்கவும் பயன்படும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கயென்ரா, சிலாற் ஆகிய உப மின்நிலையங்களில் இது நிறுவப்பட்டது. இந்தியாவில் ராய்ப்பூர் முதல் ரூர்கேலா வரையிலான 400 கிலோவோல்ட் வழியிலும் உண்டு.

ஆயினும் இதில் உள்ள ஆபத்தை மறைக்கக்கூடாது. தொடர்க் கொள்ளளவியும் வழியின் தூண்டலும் சேர்ந்து 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒரு பரிவு மீடிறனை உண்டாக்குகின்றன. 50 இலிருந்து அதைக் கழித்து வரும் மீடிறன், பொறியின் தண்டு முறுக்கிக்கொள்ளும் இயற்கை மீடிறனோடு பொருந்திவிட்டால் தண்டே உடையும். 1970 இலும் 1971 இலும் அமெரிக்காவின் மொஹாவே அனல்மின் நிலையத்தில் அவ்வாறே தண்டுகள் சேதமடைந்தன. 2009 இல் டெக்சசில் ஒரு காற்றாலைப் பூங்கா தொடர் ஈடு செய்யப்பட்ட வழியோடு தனித்து விடப்பட்டபோது, காற்றாலைகளின் கட்டுப்படுத்திகளுக்கும் கொள்ளளவிக்கும் இடையிலேயே அத்தகைய அலைவு மூண்டு கருவிகள் சேதமடைந்தன. மன்னார் வழியில் யாராவது தொடர் ஈட்டை முன்மொழிந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

யுபிஎஃப்சி?

ஸ்டாட்கொம் ஒன்றையும் வழியில் தொடராகப் பூட்டிய இன்னொரு மாற்றியையும் ஒரே நேரோட்டக் கொள்ளளவியால் இணைத்த கருவி அது. மின்னழுத்தம், தூண்டல் எதிர்ப்பு, கோணம் மூன்றையும் ஒருங்கே ஆளும். 1998 இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இனெஸ் உப மின்நிலையத்தில் முழுமையாக இயங்கியது. நம் தொகுதியின் அளவுக்கும் பணப்பைக்கும் அது இப்போது பொருந்தாது.

மன்னார்க் காற்றாலைகள் தொகுதியைப் பலவீனப்படுத்துகின்றனவா?

மன்னார்த் தீவின் தென்கரையில் உள்ள தம்பபவனி காற்றாலைப் பூங்காவில் 3.45 மெகாவாட் கொள்ளளவுள்ள 30 காற்றாலைகள் இருக்கின்றன, மொத்தம் 103.5 மெகாவாட். இவற்றின் வலு இலத்திரனியல் மாற்றிகள் ஊடாகவே தொகுதியைச் சேர்கிறது. ஆகவே அந்த இறக்கைகளின் சுழற்சிக்கும் 50 ஹேர்ட்ஸுக்கும் நேரடிப் பிணைப்பு இல்லை. கூரைச் சூரியத் தகடுகளும் அப்படியே. அனல், நீர் மின்பிறப்பாக்கிகளின் கனமான சுழலும் பகுதிகளோ, ஒரு பொறி திடீரென இழக்கப்படும்போது தம் இயக்கச் சக்தியைத் தாமாகவே தொகுதிக்குத் தருகின்றன. அந்தச் சடத்துவம் குறையும்போது மீடிறன் விரைந்து விழும்.

ஒரு கணக்கு: சுழலும் பொறிகளில் 10,000 மெகாவாட் செக்கன் இயக்கச் சக்தி இருக்கும் தொகுதியில் 300 மெகாவாட் பொறியொன்று நின்றால், மீடிறன் தொடக்கத்தில் செக்கனுக்கு 0.75 ஹேர்ட்ஸ் வீதம் விழும். சக்தி 5,000 ஆகக் குறைந்திருந்தால் 1.5 ஹேர்ட்ஸ் வீதம் விழும். நீர்மின் நிலையத்தின் கதவுகள் திறந்து வலு கூடுவதற்குச் சில செக்கன்கள் வேண்டும் என்பதால், இந்த வேறுபாடு மிகப் பெரியது. 300 மெகாவாட் என்ற எண்ணைத் தற்செயலாக எடுக்கவில்லை. நுரைச்சோலையின் மூன்று பொறிகளும் ஒவ்வொன்றும் 300 மெகாவாட் கொள்ளளவு கொண்டவை.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்றால் ஏற்பட்டதாகச் சொல்லப்பட்ட பழுது நாடு முழுவதையும் இருளாக்கியது. சுமை குறைந்த விடுமுறை நாள், உச்ச வெயில், சுழலும் பொறிகள் குறைவு என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்த வேளை அது. நுரைச்சோலையின் பொறிகளும் நின்றுபோனதால் அடுத்த சில நாள்கள் சுழற்சி முறை மின்வெட்டும் வந்தது. அதன் பின் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரிய மின்னுற்பத்தியைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது.

இதிலிருந்து சூரியனும் காற்றும் குற்றவாளிகள் என்ற முடிவுக்குச் செல்வதை நான் ஏற்கவில்லை. 2016 செப்டெம்பர் 28 அன்று தென் அவுஸ்திரேலியாவில் புயலால் வழிகள் விழுந்து மின்னழுத்தம் மீண்டும் மீண்டும் தாழ்ந்தபோது, பல காற்றாலைப் பூங்காக்கள் குறித்த எண்ணிக்கைக்கு மேல் தாழ்வு வந்தால் வலுவைக் குறைக்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. 456 மெகாவாட் சில செக்கன்களில் இழக்கப்பட்டது, மாநிலமே இருண்டது. காற்று நின்றுவிடவில்லை, கட்டுப்படுத்தியில் எழுதியிருந்த ஓர் எண் அப்படி இருந்தது. அதை மாற்றியதும் அந்தக் குறை நீங்கியது. மறு ஆண்டே அங்கு 100 மெகாவாட் மின்கலத் தொகுதி நிறுவப்பட்டு, மீடிறன் விழும்போது செக்கனின் சிறு பகுதிக்குள் வலுவைத் தரத் தொடங்கியது. 2021 இல் நான்கு பெரிய ஒத்தியங்கு ஈடுசெய்பொறிகளும் சேர்க்கப்பட்டன; அவை எரிபொருள் இல்லாமல் சுழன்று சடத்துவத்தையும் பழுது மின்னோட்டத்தையும் தருபவை.

தொகுதியைத் தானே உருவாக்கும் இன்வேர்ட்டர் என்கிறார்கள். அது என்ன?

இன்று பெரும்பாலான இன்வேர்ட்டர்கள் தொகுதியின் மின்னழுத்த அலையை அளந்து, அதைப் பின்பற்றி மின்னோட்டத்தைச் செலுத்துகின்றன. பின்பற்ற வேண்டிய அலை பலமாக இருக்கும்வரை இது நன்றாக நடக்கும். நீண்ட வழியின் முனையில், பழுது மட்டம் (பழுதின்போது தொகுதி தரக்கூடிய மின்னோட்டத்தின் அளவு) குறைந்த மன்னார் போன்ற இடத்தில், இன்வேர்ட்டர் செலுத்தும் மின்னோட்டமே அது அளக்கும் அலையைக் குலைத்துவிடக்கூடும். மற்ற வகை இன்வேர்ட்டர் அலையைத் தானே பிறப்பித்து, ஒத்தியங்கு பொறியைப் போல் நடந்துகொள்கிறது. மீடிறன் விழத் தொடங்கியதும் கட்டளைக்குக் காத்திராமல் வலுவைத் தருகிறது. அதற்கு மின்கலம் போன்ற சக்திக் களஞ்சியம் பின்னால் இருக்க வேண்டும். அதன் குறைபாடு ஒன்றையும் சொல்லவேண்டும்: சுழலும் பொறி தன் அளவைவிடப் பல மடங்கு பழுது மின்னோட்டத்தைத் தரும், குறைகடத்தி ஆளிகளோ தம் அளவைச் சற்றே தாண்டினாலும் எரிந்துவிடும். எனவே பழுதை இனங்காணும் பாதுகாப்புக் கருவிகளின் அமைப்பையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும்.

என் ஊரில் மாலையானால் தண்ணீர் மோட்டர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கிறது. ஸ்டாட்கொம் வந்தால் தீருமா?

தீராது. உங்கள் ஊர் வரை நீண்டு வரும் குறைந்த அழுத்தக் கம்பியின் தடிப்பும் நீளமும், நிலைமாற்றியின் கொள்ளளவும், மூன்று கட்டங்களுக்கிடையே சுமை சமமாகப் பகிரப்படாததுமே பெரும்பாலும் அதற்குக் காரணம். நெடுங்கேணி, மாங்குளம் பக்கத்துக் கிராமங்களில் வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒரு நிலைமாற்றி நீண்ட தூரத்துக்குப் பணி செய்ய நேர்கிறது. இன்னொரு நிலைமாற்றியை இடையில் வைப்பதும் கம்பியைத் தடித்ததாக மாற்றுவதும்தான் தீர்வு. 132 கிலோவோல்ட் பக்கத்தில் கோடிக்கணக்கில் செலவழித்தாலும் உங்கள் மோட்டருக்கு அது தெரியவே தெரியாது.

நண்பகலில் கூரை இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடுகிறது என்று கேட்பவர்களுக்கும் விடை ஏறத்தாழ இதுவே. ஒரே கம்பியில் பலர் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்போது அங்கு மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து உயர்ந்து, இன்வேர்ட்டரின் எல்லையைத் தாண்டுகிறது. ஆனால் இங்கே இலத்திரனியல் கட்டுப்பாடு ஓரளவு உதவும்: மின்னழுத்தம் உயரும்போது எதிர்வினை வலுவை உறிஞ்சவும், பின்னர் வலுவைப் படிப்படியாகக் குறைக்கவும் இன்றைய இன்வேர்ட்டர்கள் பலவற்றில் வசதி உண்டு. அந்த அமைப்பை நீங்களாக மாற்றாதீர்கள். பொருத்தியவரிடமும் பிரதேச மின் அலுவலகத்திடமும் கேட்டு மாற்றுவியுங்கள்.

இந்தியாவிலிருந்து மன்னார் ஊடாக மின்இணைப்பு வந்தால் நிலைப்புக்கு நல்லதா?

மதுரையையும் அநுராதபுரத்தையும் இணைப்பது பற்றிப் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. 2010 இல் சாத்தியக்கூற்று ஆய்வுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தமும் கைச்சாத்தானது. அந்த இணைப்பு உயர் அழுத்த நேரோட்டமாகவே அமையும். நீண்ட கடலடி வடத்தில் ஆடலோட்டம் அனுப்பினால் வடத்தின் கொள்ளளவமே மின்னோட்டத்தை விழுங்கிவிடும். மேலும் நேரோட்டம் இரு தொகுதிகளின் அலைவுகளையும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பரவவிடாது. இந்த வழிமுறை புதியதன்று. சுவீடனின் கொட்லாந்து தீவு 1954 இலேயே நேரோட்டத்தால் இணைக்கப்பட்டது.

எந்த வகை மாற்றி என்பது வன்னிக்கு மிக முக்கியமான கேள்வி. தைரிஸ்டர் வகை மாற்றி நன்கு இயங்குவதற்குப் பெறும் முனையில் பலமான ஆடலோட்டத் தொகுதி வேண்டும். மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்தாலே அதன் ஓட்டம் தவறிவிடும். மின்னழுத்தத்தைத் தானே ஆளும் புதிய வகை மாற்றி அப்படியன்று; அது ஒரு முனையில் ஸ்டாட்கொமாகவும் பணி செய்யும், இருட்டடிப்புக்குப் பின் தொகுதியை மீள எழுப்பவும் உதவும். தமிழ்நாட்டின் புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்குச் செல்லும் 2,000 மெகாவாட் இணைப்பு இந்த வகையே. ஆனால் 500 மெகாவாட்டைக் கொண்டுவரும் ஒரே இணைப்பு திடீரென அறுந்தால் அது நுரைச்சோலையின் ஒரு பொறியை இழப்பதைவிடப் பெரிய அடி என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்படுத்திகளே பிரச்சினையை உண்டாக்க முடியுமா?

முடியும். அருகருகே இருக்கும் இரண்டு விரைவான கட்டுப்படுத்திகள் ஒரே மின்னழுத்தத்தை ஆள முயன்றால் ஒன்றோடொன்று மோதி அலைவை உண்டாக்கும். தொகுதி ஒரு நிலையில் இருக்கும்போது பொருத்தமாக அமைத்த எண்கள், புதிய வழியொன்று சேர்ந்த பின் தவறாகிவிடும். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பின்னும் அவற்றை மீளப் பார்க்க வேண்டும். பராமரிப்பும் இலகுவானதன்று. குறைகடத்திகளைக் குளிர்விக்கும் தூய நீர்ச் சுற்றும், குளிரூட்டிய அறையும், உதிரிப் பாகங்களும், அவற்றை அறிந்த ஆட்களும் வேண்டும். மன்னாரின் உப்புக் காற்றும் வன்னியின் வைகாசி, ஆனி மாதப் புழுதியும் காவலிகளைக் கெடுப்பதைப் போலவே இந்தக் கருவிகளையும் சோதிக்கும்.

அப்படியானால் வன்னி ஊடான வழிகளுக்கு எதை முதலில் செய்ய வேண்டும்?

என் வரிசை இது. முதலில், இருக்கும் பொறிகளின் மின்னழுத்தச் சீராக்கிகளையும் பிஎஸ்எஸ் நிலைப்படுத்திகளையும் நேரில் சோதித்து, அணைத்து வைத்திருப்பவற்றை இயக்கி, அமைப்பு எண்களைத் திருத்துவது. அடுத்து, காற்றாலை, சூரிய இன்வேர்ட்டர்கள் மின்னழுத்தத் தாழ்வையும் மீடிறன் மாற்றத்தையும் எவ்வளவு நேரம் தாங்கி நிற்க வேண்டும் என்ற விதியை இறுக்கி, ஏற்கெனவே பொருத்தியவற்றையும் அதற்கு ஏற்ப மாற்றுவது. இவை இரண்டுக்கும் இரும்பும் செம்பும் தேவையில்லை, ஆட்களின் உழைப்பும் அறிவுமே தேவை. மூன்றாவதாக, மன்னாரில் காற்று மின் மேலும் கூடும்போது தானே அலையை உருவாக்கும் இன்வேர்ட்டர் பூட்டிய மின்கலத் தொகுதியை அங்கேயே வைப்பது. அது மீடிறன், மின்னழுத்தம் இரண்டுக்கும் உதவுவதோடு, தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் மிகையாகும் வலுவைச் சில மணி நேரம் தேக்கியும் வைக்கும். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஸ்டாட்கொம் என்பது இவற்றுக்குப் பின்னரே, அதுவும் ஆய்வு அதன் தேவையைக் காட்டினால் மட்டுமே.

மாணவர் இதை எங்கிருந்து தொடங்கலாம்?

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து மாணவருக்கு ஆய்வுக்களம் வாசலிலேயே இருக்கிறது. ஒரு பொறி, ஒரு வழி, ஒரு பெரிய தொகுதி என்ற எளிய மாதிரியில் தொடங்குங்கள். வழியில் பழுதை வைத்து, அதை 100 மில்லிசெக்கனிலும் 300 மில்லிசெக்கனிலும் அகற்றிப் பார்த்து, எந்த நேரத்தைத் தாண்டினால் பொறி ஒத்தியக்கத்தை இழக்கிறது என்று கண்டறியுங்கள். பின் சீராக்கியின் பெருக்கத்தைக் கூட்டி, தணிப்பு குறைவதைப் பார்த்து, அதன் மேல் பிஎஸ்எஸ் ஒன்றைச் சேருங்கள். அதற்கு அடுத்த படி நான்கு பொறிகளும் இரண்டு பிரதேசங்களும் கொண்ட, உலகெங்கும் பாடமாக இருக்கும் மாதிரி; அதில் பொறியொன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்வேர்ட்டரை வைத்துப் பார்த்தால் மன்னாரின் பிரச்சினை அப்படியே திரையில் தெரியும். கூடவே, சுவரிலுள்ள மின்குதையிலிருந்து மீடிறனை இடைவிடாமல் பதியும் சிறு கருவியொன்றைச் செய்யுங்கள். தீவு முழுவதற்கும் மீடிறன் பொதுவானது என்பதால், நுரைச்சோலையில் ஒரு பொறி நின்ற கணம் கிளிநொச்சியில் உங்கள் பதிவிலும் விழும். அந்தச் சரிவின் செங்குத்திலிருந்து அன்றைய தொகுதியின் சடத்துவத்தை நீங்களே கணிக்கலாம்.